பின்னணி இரைச்சல்

ஆவணக் காப்பகத்தின் ஒலியறையில், தையல்காரி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். பதிவில் அவள் கணவர் பேசிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் கேட்டாள். இன்னும் அவரேதான். "பெண்கள் சொன்ன வரலாறு" என்று வாசலில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஓர் ஆண்பிள்ளை தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பேசுகிறார்.

"நான் பேசினது எங்க?" என்றாள்.

ஒலிப்பதிவாளருக்கு முகமெல்லாம் பெருமை. "ஒரே மெஷின் சத்தம்மா. பின்னணி இரைச்சல் மொத்தத்தையும் எடுத்துட்டேன். இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா?"

அவளுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. காப்பகத்துக்காரர்கள் பதிவுக்கு வீட்டுக்கு வந்த அன்றைக்கு, மைக்குக்கு நேராக இருந்த நாற்காலியில் கணவர் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். அவளுக்கோ தலைக்கு மேல் வேலை. மெஷினை மிதித்தபடியே அதன் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசினாள். பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டு நாத்தனாரும் பேசினாள். வந்தவர்கள் தலையைத் தலையை ஆட்டினார்கள். மைக்கை இந்தப் பக்கம் திருப்பி வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாத்தனாரைத் தொழிற்சாலையில் எல்லாரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்கூடம் தீப்பிடித்தபோது, வெளியே பூட்டிக் கிடந்த கதவை உள்ளிருந்து இஸ்திரிப் பெட்டியால் இடித்து உடைத்தவள் அவள். அப்புறம் வேலை போன பெண்களெல்லாம் கூடி உட்கார்ந்து, வெட்டுத்துணிகளை இணைத்து அந்த நாளைப் பெரிய துணியாகத் தைத்தார்கள். பெட்டியை ஓங்கி நிற்கும் பெண்ணைப் பட்டாசே தைத்தாள். அந்தத் துணி இப்போது காப்பகத்தின் கூடத்தில் தொங்குகிறது. பட்டாசு இல்லை. பதிவு முடிந்த கொஞ்ச நாளில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஹெட்போனில் கணவர் அளந்துகொண்டிருந்தார்: "நாங்க ஆம்பளைங்க நாலு பேரு கதவை உடைச்சு இவங்களை வெளிய இழுத்துப் போட்டோம்."

இந்தப் புளுகுக்குப் பட்டாசு அன்றைக்கே, அண்ணன் என்றும் பார்க்காமல், அவரைக் கிழிகிழியென்று கிழித்தாள். அவள் பேச்சு போய்விட்டது. புளுகு பத்திரமாக இருக்கிறது. அதை நம்பித் துணிக்குக் கீழே பலகை வேறு: "பெண்களைத் தீயிலிருந்து மீட்கும் ஆண்கள்." முதுகில் பின்னல் தொங்கும் ஆண்பிள்ளையை இவர்கள் எந்த ஊரில் பார்த்தார்களோ!

பக்கத்தில் நின்ற கணவரிடம் திரும்பினாள். "வெக்கமா இல்ல?"

"விடேன். நாலு பேர் முன்னாடி…"

"நாலு பேர் முன்னாடிதானே புளுகினீங்க?"

சத்தம் கேட்டு வந்த பொறுப்பாளர் அம்மாள் சமாதானப்படுத்தப் பார்த்தார். "கோவப்படாதீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க, பதிவு பண்ணிக்கலாம்."

"நான் சொல்லுவேன். செத்தவளை எங்கேருந்து கூட்டிட்டு வர? முதல்ல எடுத்த பதிவைக் குடுங்க."

"கம்ப்யூட்டர்ல இடம் பத்தலைன்னு அதை அழிச்சிட்டோம்."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "எடுத்த இரைச்சல் மட்டும் தனியா கிடக்கும்மா. சரிபாக்க வெச்சிருப்பேன். குப்பைதான்."

"அந்தக் குப்பையைப் போடுங்க."

ஸ்பீக்கரில் மெஷின் தடதடத்தது. அந்தத் தடதடப்புக்குள்ளிருந்து, கொஞ்சம் கரகரவென்று, பட்டாசு கத்தினாள்: "பொய் சொல்லாதண்ணே! நீ கேட்டுக்கு வெளிய நின்னு வேடிக்கை பாத்தவன்! பெட்டியைத் தூக்கினது நானு!" கூடவே இரண்டு பெண்களின் சிரிப்பு.

தையல்காரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

"இதைத் துணிக்குப் பக்கத்துல வெச்சா பாக்க வர்றவங்களுக்கு ஒண்ணும் புரியாதும்மா," என்றார் பொறுப்பாளர்.

"காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கட்டும். முடியாதுன்னா சொல்லுங்க, துணியை இப்பவே கழட்டி எடுத்துட்டுப் போறேன். அது நாங்க தெச்சது."

பொறுப்பாளர் துணி தொங்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரி, வைக்கிறோம். பலகையையும் மாத்திடறோம்."

"மானம் போகுது, கிளம்பு," என்று கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் கையை உதறினாள். "உஷ்! உங்க தங்கச்சி பேசறா. இப்பவாவது வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க."