மேனேஜரின் முடியைத் தின்ற பூச்சி

அட்டைப்பெட்டி கம்பெனி மேனேஜரின் தலையில் ஏதோ நகர்வதை முதலில் பார்த்தது டைப்பிஸ்ட் அக்காதான். அவர் குனிந்து கையெழுத்துப் போடும்போது, வகிட்டோரமாகப் பூசணி விதை போல் சாம்பல் நிறக் கூடு ஒன்று ஊர்ந்தது. அதிலிருந்து ஒரு புழு தலையை நீட்டி எட்டிப் பார்த்தது.

"சார், தலையில..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். ஃபேன் காத்து."

அது விக் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. மாதா மாதம் முடி வெட்டப் போவதாக அரை நாள் லீவு எடுப்பவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டே வாரத்தில் விக்குக்கே வழுக்கை விழ ஆரம்பித்தது. மேஜை மேலும் கூடுகள் உதிரவே, மேனேஜர் பூச்சி மருந்துக்காரரை வரவழைத்தார். அவர் கூடு ஒன்றை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தார்.

"அந்துப்பூச்சியோட புழு சார். பேப்பர், அட்டையெல்லாம் சீந்தாது. கம்பளி, இறகு, முடி, இதான் தீனி. இங்க கம்பளி இருக்கா?"

"இல்லையே."

"அப்ப முடி?"

டைப்பிஸ்ட் அக்கா கூரையைப் பார்த்தாள். ஸ்டோர்கீப்பர் ஏற்கெனவே மூடிய பேனாவை மறுபடி மூடிக்கொண்டிருந்தார். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"தலையில முளைச்ச முடியைத் தின்னுமா?"

"ஊர்ந்தாலே தட்டி விட்ருவோமே சார். உதிர்ந்த முடி, வெட்டுன முடி, இப்படித்தான் தின்னும்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். பிறகு தொப்பியைக் கழற்றுவது போல விக்கைக் கழற்றி மேஜையில் வைத்தார். உள்ளேயிருந்து நாலு புழுக்கள் உருண்டன.

"ஐயோ சார், இது விக்கா!" என்று ஸ்டோர்கீப்பர் நெஞ்சில் கை வைத்தார்.

"நடிக்காதய்யா. போன வருஷம் காத்துல பறந்தப்ப ஓடிப் போய்ப் பிடிச்சது யாரு?"

பூச்சி மருந்துக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பையில கட்டி ஒரு வாரம் ஃப்ரீசர்ல வைங்க சார். முட்டையோட செத்துடும்."

ஆபீஸ் ஃப்ரிட்ஜில்தான் வைத்தார்கள். மறுநாள் ஐஸ் எடுக்கப் போன டைப்பிஸ்ட் அக்கா போட்ட அலறலில் வாசல் காவலாளி தடியோடு ஓடி வந்தார்.

எட்டாம் நாள் மேனேஜர் விக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மாட்டிக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் முகத்தில் அப்படியொரு சுகத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து ஸ்டோர்கீப்பர் பத்து நாள் லீவு கேட்டார்.

"பதினஞ்சா எடுத்துக்கோய்யா," என்றார் மேனேஜர், கண்ணை மூடியபடியே.