முழுத் தொகுப்பு பாதி விலை

1

இந்தக் கதை எனக்கு மருந்துக்கடை வரிசையில் கிடைத்தது. இருமல் மருந்து வாங்கப் போயிருந்தேன். போலந்தின் வூட்ஜ் நகரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் தடுப்புக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பெண்கள் நிற்பார்கள், போக்னாவும் ஷனெட்டாவும். அன்றைக்கு அவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சாதா, சிறப்பு, முழுத் தொகுப்பு என்று காதில் விழுந்தது. மருந்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, "எனக்குச் சாதா போதுங்க" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில்தான் கதை ஆரம்பித்தது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது வீடியோ கேமைப் பற்றி.

மீதியைத் தெரிந்துகொள்ள, இருமல் நின்ற பிறகும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொண்டை மிட்டாயாக வாங்கிக் குவித்திருக்கிறேன். எழுதட்டுமா என்று போக்னாவிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா என்னை ஒல்லியா எழுதுங்க" என்றாள். போக்னா ஒல்லி. போதுமா?

2

தொடக்கம் அமையாமல் தடுமாறினேன். கைவிட்டவற்றை அப்படியே வைக்கிறேன்.

"பெர்கன் துறைமுகத்தில் மழை பெய்துகொண்டிருந்தபோது கிராட்சியான் தன் அக்காவை நினைத்து" (வேண்டாம். நார்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் போக்னாவின் தம்பி என்ன நினைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மழை மட்டும் நிச்சயம்.)

"விளையாட்டு என்பது மனித குலத்தின் மிகப் பழைய" (கொட்டாவி வருகிறது.)

"போக்னாவின் பெயர்நாளுக்குக் கடையில் கேக் வெட்டினார்கள்."

இது தேறும். இங்கே நாட்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு; பிறந்தநாளைவிட அந்தப் பெயர்நாள்தான் பெரிசு. பெயர்நாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கி வர வேண்டும். அன்றைக்குப் பேசாத சொந்தக்காரன் உங்களோடு சண்டை என்று அர்த்தம். கிராட்சியான் போன வருஷம் பேசவில்லை. அதற்கு முந்தின வருஷமும் பேசவில்லை.

3

ஆக, போக்னாவின் பெயர்நாளுக்குக் கடையில் கேக் வெட்டினார்கள். கேக் கொண்டுவந்தவள் மட்டும் சாப்பிடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உன் பெயர்நாளா, இல்ல பல் பிடுங்குற நாளா?" என்று கேட்டாள் ஷனெட்டா.

போக்னா போனை நீட்டினாள். "படி. என் தம்பி பரிசு அனுப்பியிருக்கான்."

"நல்ல விஷயந்தானே."

"கீழ படி."

ஷனெட்டா படித்தாள். கிராட்சியான் உங்களுக்கு அனுப்பியிருப்பது: படகுவீடு விளையாட்டின் கூடுதல் அத்தியாயம், பனி ஏரி. ஏற்றுக்கொள்ள, விளையாட்டின் வட்டைப் போடவும் அல்லது மூல விளையாட்டை வாங்கவும். முழுத் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு இது ஏறாது. ஏற்காத பரிசு அனுப்பியவருக்கே திரும்பும்.* வாழ்த்து எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

"கஞ்சன்" என்றாள் போக்னா. "வீட்டைக் குடுக்காம பால்கனியை மட்டும் குடுக்கிறான். அதுவும் ஒரு வார்த்தை எழுதாம."

* இந்த விளையாட்டும் அதை விற்கும் கடையும் நான் கட்டியவை, விதிகளும் என்னுடையவை. "உண்மையில் அப்படி இல்லையே" என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

4

கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் பதிப்பு விவகாரம் எனக்கே புரியாமல் இருந்தது. புத்தகம் எழுதுகிறவனுக்குப் பதிப்பு என்றால் வேறு. இரண்டாம் பதிப்பு என்று போட்டிருந்தால் முதல் பதிப்பு விற்றுவிட்டது என்று பொருள். இல்லையென்றால் கரையான் தின்றுவிட்டது என்று பொருள். விளையாட்டில் அப்படி இல்லையாம். ஒரே நாளில் ஒரே விளையாட்டு நாலு வேஷத்தில் வருமாம். நான் கடைசி அத்தியாயத்தை வெட்டித் தனியாக விற்றால் பதிப்பாளர் என்னை வெட்டிவிடுவார்.

ஷனெட்டாதான் விளக்கினாள். அவள் வேலை முடிந்தால் நேரே விளையாட்டில்தான் உட்காருவாள். விளக்குவதற்கு அவளுக்குக் கிடைத்தது மருந்து அலமாரி.

"இங்க பாரு. சாதாப் பதிப்புன்னா வெறும் மாத்திரை. சிறப்புப் பதிப்பு, அதே மாத்திரைதான், கூட வைட்டமின் சி, டப்பா மேல தங்கக் கோடு. முழுத் தொகுப்புன்னா மாத்திரை, வைட்டமின், இருமல் மருந்து, தொண்டை மிட்டாய், எல்லாம் ஒரே பெட்டியில. உன் தம்பி அனுப்பினது தொண்டை மிட்டாய் மட்டும்."

"மாத்திரை இல்லாம மிட்டாயை வெச்சு நான் என்ன பண்றது?"

"மாத்திரை உன்கிட்ட இருக்குன்னு நெனச்சிருப்பான்."

போக்னா அலமாரியின் இழுப்பறையைத் திறந்தாள், ஒன்றும் எடுக்காமல் மூடினாள். அப்புறம், "இருந்துச்சு" என்றாள்.

(இந்த இடத்தில்தான் நான் முன்னால் போய் "எனக்குச் சாதா போதுங்க" என்றது. என் வாயை என்ன சொல்ல.)

5

இருந்தது என்றால், இப்படி.

கிராட்சியான் நார்வேக்குக் கிளம்பியபோது படகுவீடு விளையாட்டின் வட்டு இரண்டு வாங்கினான். அக்காவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஒரு படகு, அதில் இரண்டு பேர். ஒருவர் துடுப்புப் போட வேண்டும், மற்றவர் விளக்குப் பிடிக்க வேண்டும். தனியாக ஆட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூப் குடித்துவிட்டு இவள் இங்கேயும் அவன் அங்கேயும் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஆட்டம் கால்வாசிதான். மீதியெல்லாம் அப்பாவுக்குச் சளி எப்படி இருக்கிறது, அங்கே ரொட்டி ஏன் இப்படி இனிக்கிறது, இதே பேச்சு. "இடது பக்கம்டா, எருமை" என்று அக்கா கத்துவாள்.

அப்பா போய்ச் சேர்ந்தார். ஊர் ஓரத்தில் அவருக்கு ஒரு சின்னத் தோட்டத்துண்டு இருந்தது, ஒரு குடிசையும் ஆப்பிள் மரங்களுமாக. இந்த ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருக்கும். களை எடுத்ததெல்லாம் போக்னா. முடியவில்லை, பணத்துக்குக் கைமாற்றிவிட்டாள். தம்பியைக் கேட்கவில்லை. அவன் போனில், "அப்பாவையே வித்துட்ட" என்றான். அவள் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அந்த வட்டைக் கொண்டுபோய்க் குப்பைக் கொட்டகைச் சுவரோரம் வைத்தாள். நல்ல நிலையில் இருக்கும் பொருளை உள்ளே போடாமல் வெளியே சுவரோரம் வைப்பார்கள் இங்கே, வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். நாற்காலி, குழந்தை வண்டி, பூந்தொட்டி எல்லாம் அப்படிக் கைமாறும். பத்து நிமிஷம் கழித்து மனசு கேட்காமல் இறங்கிப் போனாள். வட்டு இல்லை. யாருக்கோ உதவியிருக்கிறது.

(முதல் வரைவில் தம்பி அனுப்பிய அத்தியாயத்துக்கு "ஆப்பிள் தோட்டம்" என்று பெயர் வைத்திருந்தேன். என்னவோ பெரிதாகச் சாதித்துவிட்டதுபோல இருந்தது. மறுநாள் படித்தால் வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டு "பனி ஏரி" என்று போட்டேன்.)

6

கிராட்சியானை நான் நம்பலாமா? அவனை நான் பார்த்ததில்லை. அவன் கஞ்சனாகவும் இருக்கலாம். அத்தியாயம் மட்டும் மலிவு என்பதால் அனுப்பியிருக்கலாம். இந்தச் சந்தேகத்தோடு ஒரு பக்கம் எழுதினேன். அதில் அவன் கணக்குப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், மீன் வாடையோடு ஒரு சிகரெட்

கிழித்துப் போட்டேன். எனக்கே அவன்மேல் பாசம் வந்துவிட்டது, என்ன செய்ய. அக்கா கோபத்தில் என்ன சொன்னாலும் வட்டை மட்டும் தூக்கிப் போட்டிருக்க மாட்டாள் என்று இரண்டு வருஷமாக ஒருத்தன் நம்பிக்கொண்டிருக்கிறான். மனசில் இருப்பதை எழுதத் தெரியாதவன். வாழ்த்துக் கட்டத்தில் ஏதாவது எழுதி எழுதி அழித்திருப்பான். அவன் நம்பினபடி அவள் வட்டை வைத்திருக்கவில்லை. போக்னாவுக்கு வலித்தது அதுதான். கஞ்சத்தனமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று என்னிடம் சொன்னாள்.

7

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஷனெட்டா போக்னா வீட்டுக்கு வந்தாள். வருகிறவர்களுக்கென்று வாசலில் வைத்திருக்கும் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். தொலைக்காட்சியில் விளையாட்டு விற்கும் கடை திறந்திருந்தது. போக்னா அந்த விளையாட்டுப் பெட்டியை இப்போது சினிமா பார்க்கத்தான் வைத்திருக்கிறாள்.

"யோகக்காரிடி நீ" என்றாள் ஷனெட்டா. "முழுத் தொகுப்பு பாதி விலை. சாதாவுக்குத் தள்ளுபடியே இல்ல. தொகுப்பு சாதாவைவிட மலிவு."

"அது எப்படி?"

"அவங்க கடை அப்படித்தான். அமுக்கு. பனி ஏரியும் உள்ளயே இருக்கு."

"அப்ப அவன் அனுப்பினது?"

"ஏறாது. திரும்பிப் போயிடும். போனா போகட்டும், அவனுக்குக் காசு மிச்சம்."

போக்னா விளையாட்டுப் பெட்டியின் கைக்கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷனெட்டா கேக்கை வெட்டித் தின்றாள், தேநீர் குடித்தாள், பூனையைத் தடவினாள்.

"என்னடி யோசனை? அதே ஏரி, அதே பனி. மருந்துக்கடையில மாத்து மருந்து குடுக்கிறதில்லையா நாம? உள்ள இருக்கிறது ஒண்ணுதானேன்னு நீதானே எல்லாருக்கும் சொல்லுவே."

"சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அவன் குடுத்ததை ஒரு தடவை கொண்டுபோய்க் குப்பைக் கொட்டகையில வெச்சாச்சு" என்றாள் போக்னா. "இதுவும் திரும்பிப் போச்சுன்னா, அப்புறம் அவன் அனுப்ப மாட்டான். எனக்கு என் தம்பியைத் தெரியும்."

"அதுக்காக, கூடக் குடுத்துக் கம்மியா வாங்குவியா? எந்தப் பைத்தியக்காரியாவது தள்ளுபடி நேரத்துல சாதாவை வாங்குவாளா?"

"நான் வாங்குவேன்."

வாங்கினாள். ஷனெட்டா தலையில் அடித்துக்கொண்டாள், அப்புறம் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பரிசை ஏற்கிறீர்களா என்று திரை கேட்டது. இந்தத் தடவை வட்டு கேட்கவில்லை. போக்னா அமுக்கினாள். கிராட்சியானுக்குத் தெரிவிக்கப்பட்டது என்று வந்தது.

விளையாட்டு திறந்ததும் அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். போனது வட்டுதான், ஆடிய ஆட்டமெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவர்கள் கடைசியாக விட்ட துறையில் படகு கட்டிக் கிடந்தது. விளக்குப் பிடிக்கிற இடத்தில் அவள் பொம்மை உட்கார்ந்திருந்தது. துடுப்புப் பக்கம் காலி. போக்னா அழுதாள். எனக்கு இதைச் சொல்லும்போதும் அழுதாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று முறைத்தார்கள்.

8

இனி முடிவு. கடைக்காரர்களிடம் கற்றுக்கொண்டேன், பதிப்பு பதிப்பாகத் தருகிறேன்.

சாதாப் பதிப்பு: போக்னா அழைப்பு அனுப்புகிறாள். துடுப்புப் பக்கம் "காத்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. கதை இங்கே முடிகிறது. (விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.)

சிறப்புப் பதிப்பு: கிராட்சியான் வருகிறான். காதில் மூச்சுச் சத்தம். "வட்டைத் தூக்கிப் போட்டுட்டேன்டா" என்கிறாள் அக்கா. துடுப்பை ஒரு தடவை போட்டுவிட்டு, "நானும்தான்" என்கிறான் தம்பி.

இதை எழுதியபோது நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதனால்தான் சந்தேகம் வந்தது. சர்க்கரை தூக்கலோ என்று. காகிதத்தை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். ஆளில்லாத நேரம். இரண்டையும் அவர்கள் மொழியில் மாற்றிப் படித்துக் காட்டினேன். போக்னா தடுப்புக்கு அந்தப் பக்கம் கை கட்டிக் கேட்டாள்.

"நீங்க அவனைப் பார்த்ததில்ல, அதான்" என்றாள். "நானும்தான்னெல்லாம் அவன் சொல்ல மாட்டான். செத்தாலும் ஒத்துக்க மாட்டான்."

"வேற என்ன சொல்லுவார்?"

"'விளக்கை ஒழுங்காப் பிடி, எருமை'ம்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போ வந்தாரா என்று கேட்க வாயெடுத்தேன். ஷனெட்டா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கேட்காதே என்று. கேட்கவில்லை. தொண்டை மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

9

முழுத் தொகுப்பு என்னிடம் இல்லை.

உங்களுக்கும் ஒருவர் இருப்பார். பேசி இரண்டு வருஷம் ஆகியிருக்கும், அல்லது இருபது. அவர் கொடுத்ததைச் சுவரோரம் வைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து இறங்கிப் போயிருப்பீர்கள். போயிருக்கும். அது போனால் போகட்டும்.

இந்தக் கதையைக் கடைசி அத்தியாயம் இல்லாமல்தான் அனுப்புகிறேன். அது உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். வாழ்த்துக் கட்டத்தில் எழுத ஏதேதோ யோசித்தேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.