ஸக்கியா காத்திருந்தவர்

கடலினின்று எழுந்த இளங்கதிர் மஹ்தியா நகரின் பழங்கோட்டையைப் பொன்பூசி, அலைநோக்கிச் சரிந்துகிடக்கும் வெண்கல்லறைகளைத் தழுவி, வலையுலர்த்துவோர் முதுகில் வந்து படிந்ததொரு காலைப்பொழுதில், சான்றீர், ஒலிவ எண்ணெய் வணிகத்தினின்று ஓய்ந்த முதியவர் ஷாத்லி தம் மனைவிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். அலையரித்த கரைமணல்போல் நினைவெல்லாம் சரிந்துபோக, ஸக்கியா அம்மையார் கணவரின் முகத்தையும் மறந்து, அவரை என்றோ இறந்த தம் தமையனென்றே எண்ணியிருந்தார். நீராட்டியும் உடுத்தியும் ஊட்டியும் பேணிவந்த ஷாத்லி அதனையும் பொறுத்திருந்தார். அன்று அம்மையார் உரைத்த சொல்லோ நஞ்சாய் இறங்கிற்று.

“அண்ணே, ஹெதி வந்தானா? அவனைத்தான் கட்டிக்குவேன்னு அப்பாகிட்ட நீயே சொல்லு. எனக்கு வெக்கமா இருக்கு.”

ஹெதி, கோட்டைக்கு அப்பால் படகு கட்டும் தச்சர். இத்தனையாண்டு இல்வாழ்வில் அப்பெயர் அவ்வீட்டில் ஒருமுறையும் ஒலித்ததில்லை. ஒலியாததே இப்போது ஷாத்லியின் நெஞ்சை அறுத்தது. அவள் தனியே நகைத்த பொழுதெல்லாம் யாரை எண்ணி நகைத்தாளோ என்று கடந்த நாள்களைக் கிளறிக் கிளறிப் புண்ணாக்கிக்கொண்டார். அம்மையாரோ, ஹெதி வந்தாலன்றி உண்ணேன் என்று வாயை இறுக மூடிக்கொண்டார். மறுநாளும் அவ்வாறே கழிய, பொறாமையை விழுங்கிக்கொண்டு ஷாத்லி படகுத்துறைக்கு நடந்தார்.

“அவ உன்னைத்தான் கேக்குறா. வந்து ரெண்டு வாய் ஊட்டிட்டுப் போ.”

“பொண்டாட்டிக்குச் சோறூட்ட என்னையா கூப்பிடுறே? கிண்டல் பண்றியா?”

“கிண்டல் பண்ற மூஞ்சியாய்யா இது?”

புதுச் செங்குல்லாய் அணிந்து, நறுமணம் பூசி வந்த ஹெதியைக் கண்டதும் ஷாத்லிக்குப் பொறாமை தீயாய் மூண்டது. மீன்குழம்பில் ஊறிய கூஸ்கூஸ் என்னும் கோதுமைக்குறுணைச் சோற்றை ஹெதி ஊட்ட, அம்மையார் இளங்கிளிபோல் வாங்கியுண்டார். தம் கையை எத்தனைமுறை மறுத்த வாய் அது என்றெண்ணி, தண்ணீர்க்குவளை ஏந்தியபடி நின்றார் ஷாத்லி. நண்பகல் தொழுகைக்கான அழைப்பு எழுந்தது. அம்மையார் திடுக்கிட்டு முக்காட்டை இழுத்துவிட்டார்.

“நீ கிளம்புப்பா. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். உன்னை இங்க பார்த்தார்னா ஒரு வாரம் பேச மாட்டாரு. அவர் பேசலேன்னா எனக்குத் தாங்காது.”

ஹெதி கைதுடைத்து எழுந்தார். “குடுத்து வெச்ச மனுஷன்யா நீ,” என்று ஷாத்லியின் காதில் சொல்லிப் போனார்.

“அண்ணே, அவர்கிட்ட சொல்லிடாதே.”

“சொல்லலம்மா.”

ஹெதியின்பால் மூண்டிருந்த தீ அக்கணமே அவிந்தது; எனினும் ஷாத்லியின் நெஞ்சு குளிரவில்லை. கண்ணிமையாது வாயிலை நோக்கி அம்மையார் காத்திருந்த அவ்விளங்கணவன்மேல், ஒருகாலத்துத் தாமேயாயிருந்து, எத்தகைய ஏக்கத்துக்கும் இனித் திரும்பிவாரா அம்மனிதன்மேல், அவர்க்குத் தீராப் பொறாமை பிறந்தது. அதனையும் சுமந்தபடியே, ஈரத்துணி கொண்டு அவள் வாயை மெல்லத் துடைத்தார்.