ராயப்பன் முழங்காலில் கட்டிய கிட்டார்

எல்லாரும் சௌக்கியமா? சர்க்கரை, பிரஷர் எல்லாம் அடங்கியிருக்கிறதா? எனக்கு முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. முழங்கால் என்றதும் ஞாபகம் வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தெட்டில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ராயப்பன் கோயில் பாட்டுக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். ஃபாதருக்கு அந்தச் சத்தம் ஆகாது. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன் ராயப்பா. ஒழுங்கா இல்லேன்னா பழையபடி ஆர்மோனியம்தான்" என்று சொல்லிவிட்டார். ஆர்மோனியம் வாசிப்பது என் அண்ணன் கிறிஸ்துதாஸ். அண்ணனிடம் தோற்பதைவிட இவர் பட்டினியே கிடப்பார்.

ஒழுங்காக வாசித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இவர் சைக்கிளின் பிரேக் ஒயரைக் கழற்றினார். ஒரு முனை வலது மணிக்கட்டில். மறு முனை, கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சோப்பு டப்பாவுக்குள் வைத்த ரேடியோ குமிழில். கையைத் தூக்கினால் குமிழ் திரும்பி கிட்டார் "வ்வாவ்" என்று ஊளையிடும், இறக்கினால் அடங்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் கிட்டார் கம்பியைத் தொடவே வேண்டாம், கை அசைந்தாலே போதும்.

"இன்னாங்க இது, பூனை வாலை மிதிச்சா மாதிரி கீது?"

"ஒனக்கு இன்னா தெரியும் ரோஸி? கோயிலே எழுந்து நிக்கும், பாரு."

கிறிஸ்துமஸ் பூசையில் கோயில் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. முதல் பாட்டு முடிந்து ஃபாதர் "பிதா, சுதன்" என்று ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து பழகிய கை, நெற்றிக்குப் போனது. வ்வாவ்! மார்புக்கு இறங்கியது. வ்வோ. தோளுக்கு ஏறியது. வ்வாவ்! முன்வரிசைப் பிள்ளைகள் இன்னொரு தரம் கேட்க ஆசைப்பட்டு, விடாமல் சிலுவை போட்டார்கள்.

"மாப்ளே, ஆர்மோனியத்த தொடச்சி வெச்சிட்டேன்" என்றார் அண்ணன்.

ஃபாதர் கூப்பிட்டார். "சிலுவை போட்டதுக்காக உடுறேன். அடுத்த ஞாயிறு கையில ஒயரைப் பார்த்தேன், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை கை வெறுமையாக இருந்தது. பாட்டும் பதவிசாகப் போனது. பிரசங்கத்துக்கு எல்லாரும் உட்கார, இவர் மட்டும் விறைப்பாக நின்றே கேட்டார். மனுஷனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பூரித்துப் போனேன்.

பிறகு மணி அடித்தது. மொத்தக் கோயிலும் முழங்காலில் விழுந்தது. மணி அடித்தால் இவர் முழங்கால் மட்டும் சும்மா இருக்குமா?

வ்வ்வாஆஆவ்!

பேண்ட் மடிப்புக்குக் கீழே பிரேக் ஒயர் பளபளத்தது.

அன்றிலிருந்து ஆர்மோனியம்தான். இவர் பக்கத்தில் நின்று தாளம் தட்டினார். ஒரு நாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். "ரோஸி, உம் புருசனை வந்து இஸ்துகினு போ! பிரேக் ஒயரை வெச்சிகினு என் ஆர்மோனியத்த அளந்துகினு கீறான்!"

உங்கள் வீட்டில் யார், எதைக் கழற்றி எதில் மாட்டினார்கள்? எனக்கு எழுதுங்கள். நான் மட்டும் மானத்தை வாங்கினால் எப்படி?