இரண்டாம் குழுவின் கடைசி ஆட்டங்கள்

வன்னி ஈ-ஸ்போர்ட்ஸ் கிண்ணத்தை நடத்தித் தரும்படி கேட்டபோது சுரேகா முதலில் சொன்னது, "என்ர தம்பியும் விளையாடுறான். அது பரவாயில்லையோ?" என்பதுதான்.

கொழும்பு அனுசரணை நிறுவனத்தின் அதிகாரி ராஜரத்தினம் போனில் சிரித்தார். "வன்னியில ஆரைப் பிடிச்சாலும் அவையின்ர தம்பியோ மச்சானோ விளையாடத்தான் போயினம், பிள்ளை. நீங்கள் நேர்மையா நடத்துங்கோ. அது காணும்."

நேர்மையாக நடத்துவதென்று சுரேகா முடிவெடுத்தாள். சிக்கல் தொடங்கியதும் அங்கேதான்.

விளையாட்டு, திரையில் ஆடும் உதைபந்தாட்டம். ஓர் அணிக்கு இரண்டு பேர். எட்டு அணிகள், நாலு நாலாக இரண்டு குழுக்கள். குழுவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். கிண்ணத்தை வெல்லும் அணியைக் கொழும்பு லீக் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு எடுக்கும். கிளிநொச்சியில் ஒரு கலியாண மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

இப்படியான போட்டிகளில் முந்தின வருடம் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளையும் வேறு வேறு குழுவில் வைத்துவிட்டுத்தான் மிச்சப் பெயர்களைக் குலுக்குவார்கள். முந்தின வருடம் இறுதிக்கு வந்தவை கிளிநொச்சியும் வவுனியாவும். கிளிநொச்சி அணியின் தலைவன் நிரஞ்சன். அவன்தான் சுரேகாவின் தம்பி. அவனுடைய அணியைத் தன் கையாலே ஒரு குழுவின் தலையில் தூக்கி வைத்தால் சனம் என்ன சொல்லும் என்று சுரேகா யோசித்தாள். எட்டுப் பெயரையும் சீட்டில் எழுதி ஒரே கிண்ணத்தில் போட்டாள். நேரலையில், பார்க்க வந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சீட்டெடுக்க வைத்தாள். ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது.

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் இரண்டாம் குழுவில் விழுந்தன. மூன்றுமே பலமான அணிகள். நாலாவதாக முதல்முறை வரும் துணுக்காய். முதலாம் குழுவில் இருந்த நாலு அணிகளும் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டன.

முல்லைத்தீவு அணியின் முகாமையாளர் நஃப்லா. அவளுடைய தம்பி முபாறக்கும் பெரியம்மா மகன் ஹமீட்டும்தான் விளையாடுபவர்கள். குலுக்கல் முடிந்ததும் நஃப்லா மேசைக்கு வந்தாள்.

"அக்கா, போன முறை இறுதிக்கு வந்த ரெண்டு அணியும் ஒரே குழுவில. எங்களையும் அதுக்குள்ளதான் போட்டிருக்கு."

"நான் போடேல்லை, நஃப்லா. குலுக்கினது. நீங்களும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்."

"குலுக்கினதில பிழை இல்லை அக்கா. எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துக்குள்ள போட்டதுதான் பிழை." குரலை உயர்த்தாமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வார்த்தை சுரேகாவுக்குள் மரச் சிறாம்பு மாதிரி ஏறி நின்றது.

முதல் இரண்டு சுற்றுகளில் கிளிநொச்சி துணுக்காயை மூன்று கோலால் வென்றது. வவுனியா அதே துணுக்காயை ஐந்து கோலால் வென்றது. முல்லைத்தீவு அந்த இரண்டு பலசாலிகளோடும் முட்டி மோதிச் சமநிலை எடுத்தது. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் தலைக்கு நாலு புள்ளி, முல்லைத்தீவுக்கு இரண்டு, துணுக்காய்க்கு ஒன்றுமில்லை. கடைசிச் சுற்றில் முல்லைத்தீவு துணுக்காயோடும், கிளிநொச்சி வவுனியாவோடும் மோத வேண்டும்.

இரண்டாம் சுற்று முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நஃப்லா மறுபடி வந்தாள்.

"அக்கா, வாற ஞாயிறு எங்கட ஆட்டம் காலமை. கிளிநொச்சியும் வவுனியாவும் விளையாடுறது பின்னேரம். அப்பிடித்தானே?"

"ஓம். வேளைக்குத் திரும்பிப் போகவேணும், காலமை நேரம் தாங்கோ எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்."

"நாங்கள்தான் கேட்டம். குலுக்க முன்னம் கேட்டது. ஆரோட விளையாடப் போறம் எண்டு அப்ப தெரியாதே." நஃப்லா ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "நாங்கள் துணுக்காயை வெண்டால் எங்களுக்கு அஞ்சு புள்ளி. பின்னேரம் அவை ரெண்டு பேரும் ட்ரோ பண்ணினால் அவைக்கும் அஞ்சு அஞ்சு. பேந்து கோல் கணக்குத்தான் பாப்பீங்கள். நாங்கள் மூண்டு கோலுக்கு மேல வித்தியாசத்தில வெல்லாட்டில், ட்ரோ பண்ணி ரெண்டு பேரும் உள்ள போகலாம் எண்டு அவைக்கு மத்தியானமே தெரிஞ்சிடும். பேந்து எதுக்கு ஓடி விளையாடுறது? பந்தை அங்கையும் இங்கையும் தட்டிப்போட்டு எழும்பிப் போகலாம்."

"என்ர தம்பி அப்பிடிச் செய்யமாட்டான்."

"செய்வார் எண்டு நான் சொல்லேல்லை. செய்யலாம். அதைத்தான் சொல்லுறன். ரெண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில வையுங்கோ."

ஒரு மேடை, நேரலைக்கு ஒரே ஒரு இணைப்பு, நிறுவனம் கடைசிச் சுற்றில் எல்லா ஆட்டத்தையும் காட்டச் சொல்லியிருக்கிறது என்று சுரேகா காரணங்களை அடுக்கினாள். எல்லாம் உண்மைதான். நஃப்லா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

உருத்திரபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஸ்கூட்டியில் வரும்போது சுரேகாவுக்கு அடிமனதில் இருந்தது வேறு யோசனை. நேரத்தை மாற்றினால், முல்லைத்தீவுக்குப் பயந்து மாற்றினாள் என்பார்கள். மாற்றாவிட்டால், தம்பிக்காக விட்டாள் என்பார்கள். குலுக்கலின்போதும் சனம் என்ன சொல்லும் என்றுதான் பார்த்தாள். எது சரி என்று பார்க்கவில்லை. மூன்று அணிகள் ஒரே குழுவில் கிடந்து அடிபடுவது அதனால்தான்.

மறுநாள் ராஜரத்தினத்துக்குப் போன் எடுத்தாள்.

"ஒரே நேரத்தில வைச்சால் ஒரு ஆட்டத்தைத்தானே காட்டலாம்," என்றார் அவர். "சரி, பரவாயில்லை. ஆனால் போட்டி தொடங்கினதுக்குப் பிறகு நேரத்தை மாத்துறதெண்டால் அந்தக் குழுவில உள்ள நாலு அணியும் ஓம் எண்டு கையெழுத்து வைக்கவேணும். ஒருவர் மறுத்தாலும் பழைய நேரம்தான்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா ஞானேஸ்வரி பிட்டு அவித்திருந்தா. குசினியில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டார்கள். நிரஞ்சனுக்கு விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது.

"நேரத்தை மாத்தப் போறியாம்."

"கேக்கப் போறன்."

"எங்களுக்கு ட்ரோ காணுமா, காணாதா எண்டு தெரிஞ்சுகொண்டு விளையாடுறது பிழையோ? அட்டவணையை நானோ போட்டனான்?"

சுரேகா பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னட்ட இப்ப அக்காவாக் கேக்கிறியோ, நடத்துற ஆளாக் கேக்கிறியோ?"

"இப்ப ஒண்டும் கேக்கேல்லை. வியாழக்கிழமை மண்டபத்தில வைச்சு எல்லாரிட்டையும் கேப்பன்."

"என்ன, ரெண்டு பேரும் சண்டையே?" என்று அம்மா சம்பலை நகர்த்தி வைத்தா. இரண்டு பேரும் இல்லை என்று ஒன்றாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் நாலு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவர் வந்தார்கள். சுரேகா விஷயத்தைச் சொல்லி முடித்ததும் நஃப்லா உடனே சம்மதித்தாள். வவுனியாத் தலைவன் பிரதீபன் நிதானமான ஆள். செட்டிக்குளத்தில் தகப்பனோடு கச்சான் கடலைத் தோட்டம் செய்துகொண்டு பின்னேரங்களில் பயிற்சி எடுப்பவன்.

"எங்கட கோல் கணக்குக்கு, எப்ப வைச்சாலும் ட்ரோ எடுத்தால் நாங்கள் உள்ளதான்," என்றான். "மாத்துறதால எங்களுக்கு நட்டமில்லை. பிறகு சனம் எங்களைப் பாத்து, சொல்லி வைச்சு ஆடினவங்கள் எண்டு கதைக்காமல் இருந்தால் சரி." கையெழுத்து வைத்தான்.

அதன் அர்த்தம் அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. மாற்றத்தால் நட்டப்படக்கூடிய அணி ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் நிரஞ்சனைப் பார்த்தார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது துணுக்காய் அணியின் தலைவி தனுஷா வாயைத் திறந்தாள். துணுக்காயில் ஒரு போன் கடையில் வேலை செய்பவள். அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"முல்லைத்தீவு எத்தினை கோலால வெல்லும் எண்டுதான் எல்லாரும் கணக்குப் போடுறியள். எங்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

நஃப்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கையெழுத்து வைக்கிறன். ஆனா ஒண்டு. எங்கட ஆட்டத்தை ஒரு நாளும் பெரிய திரையில காட்டேல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களை மேடையில வைச்சு நேரலையில காட்டுங்கோ. அவையின்ரயை உள்ளுக்கு வையுங்கோ."

சுரேகா யாரையும் கேட்காமல், "சரி," என்றாள்.

பேனை கடைசியாக நிரஞ்சன் கைக்கு வந்தது. அக்காவைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே பிரதீபனிடம் மின்சாரத்தைப் பற்றி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். நிரஞ்சன் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் முல்லைத்தீவும் துணுக்காயும். மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில், சுற்றிவரப் பல்பு பூட்டிய கண்ணாடிகளுக்கு நடுவில், கிளிநொச்சியும் வவுனியாவும். அந்த அறைக்கு வேறொரு நடுவரை விட்டு, நாலு பேருடைய போன்களையும் வாங்கி வைத்து, கதவைச் சாத்தச் சொன்னாள் சுரேகா. தான் அந்தப் பக்கம் போகாமல் மேடையோடு நின்றாள்.

முபாறக் முதல் நிமிடங்களிலேயே ஒரு கோல் போட்டான். இனி மழைதான் என்று சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு கோல் விழவில்லை. தனுஷாவும் கூட்டாளியும் ஆட்களையெல்லாம் பின்னுக்கு இழுத்து, கோல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஹமீட் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. அடுத்ததைத் தனுஷா கடைசி விநாடியில் மறித்தாள். முதலில் துணுக்காயிலிருந்து வந்த பத்துப் பேர்தான் கத்தினார்கள். பிறகு முழு மண்டபமும் சேர்ந்துகொண்டது. அவள் ஒவ்வொரு தடவை மறிக்கும்போதும் கூரை அதிர்ந்தது. நஃப்லா துப்பட்டா முனையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ஒன்றுக்குப் பூச்சியத்தில் ஆட்டம் முடிந்தது. முல்லைத்தீவு வென்றது. ஆனாலும் சனம் எழுந்து நின்று கைதட்டியது துணுக்காய்க்கு. ஒரு கோல் காணாது என்று நஃப்லாவுக்குத் தெரியும். உள்ளே சமநிலை என்றால் அவர்கள் வீட்டுக்குத்தான்.

மணமகள் அறைக் கதவு திறந்தது. நடுவர் வந்து சுரேகாவின் காதில் சொன்னார். அவள் அதை ஒரு தடவை திருப்பிக் கேட்டாள். பிறகு ஒலிவாங்கியை எடுத்து அறிவித்தாள்: வவுனியா மூன்று, கிளிநொச்சி இரண்டு. இரண்டாம் குழுவிலிருந்து அரையிறுதிக்குப் போவது வவுனியாவும் முல்லைத்தீவும். முபாறக்கும் ஹமீட்டும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நஃப்லா மட்டும் சிரிக்காமல் சுரேகாவைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்தாள்.

பொருட்களை ஒதுக்கி முடித்து வெளியே வந்தபோது நிரஞ்சன் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றான். கூட்டாளி பஸ்ஸில் போய்விட்டானாம். அவன் ஓட்ட, அவள் பின்னால் ஏறினாள். ஸ்கூட்டி வாய்க்கால் கரைக்கு வந்தது.

"கடைசி வரைக்கும் ரெண்டுக்கு ரெண்டு," என்றான் நிரஞ்சன். "விட்டிருந்தால் ட்ரோ."

"நடுவர் சொன்னவர்."

"வெளியில சனம் கத்திற சத்தம் உள்ளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தமும் முல்லைத்தீவு போடுற கோல் எண்டு நினைச்சம். நாலோ அஞ்சோ போட்டிட்டினம், ட்ரோ காணாது, வெல்லத்தான் வேணும் எண்டு எல்லாரையும் முன்னுக்கு விட்டனான். பின்னால ஒருத்தரும் இல்லாமப் போச்சு. பிரதீபன் அதுக்குள்ளாலதான் வந்தவன்."

சுரேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போனை வாங்கினாள், கதவைச் சாத்தினாள், சத்தத்தை யோசிக்கவில்லை.

"அது என்ர பிழை," என்றாள். "நீங்கள் முறைப்பாடு குடுக்கலாம். நான் அதைத் தீர்க்கமாட்டன். ராஜரத்தினத்துக்கு அப்பிடியே அனுப்புவன்."

அவன் கொஞ்சத் தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினான். வயலில் தண்ணீர் கட்டியிருந்தது. கொக்குகள் வரம்பில் வரிசையாக நின்றன.

"வேண்டாம். பிரதீபனுக்கும் அதே சத்தம்தானே கேட்டது."

பிறகு தானாகவே சொன்னான்: "பழைய நேரத்தில எண்டால், முல்லைத்தீவு ஒண்டுதான் போட்டது எண்டு மத்தியானமே தெரிஞ்சிருக்கும். நான் பந்தைத் தட்டிக்கொண்டு இருந்திருப்பன், அக்கா. வியாழக்கிழமை பேனையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கையே அது எனக்குத் தெரியும். அதுதான் கையெழுத்து வைச்சனான்."

சுரேகா அவன் தோளில் கையை வைத்தாள்.

"அடுத்த முறை," என்றான் அவன், சந்தியில் வேகத்தைக் குறைத்தபடி, "எங்களையும் வவுனியாவையும் வேற வேற குழுவில போடு. சனம் என்னத்தையும் கதைக்கட்டும்."

"அடுத்த முறை நீ விளையாடுறதெண்டால் நான் நடத்தமாட்டன்."

"அப்ப நடத்திறவைக்குச் சொல்லிவிடு."

"சொல்லுறன்," என்றாள் சுரேகா. ஸ்கூட்டி ஒழுங்கைக்குள் திரும்பியது.