ஆறு மணிக்கு மேல் மனிதர்

எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் ஆறுமணியார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், குளிர்ந்துபோவார். 'ஆறு மணிக்கு மேல் நான் மனிதன்' என்ற தலைப்பில் வாரம் ஒரு வீடியோ போடுகிறவர் அவர். கணினித் துறையில் இருப்பவர்கள் வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிப்பது என்று அதில் சொல்லித்தருவார். ஆறு அடித்ததும் போனை அணையுங்கள். சாப்பாட்டு மேசைக்கு அதைக் கொண்டுவராதீர்கள். மடிக்கணினியைப் படுக்கையறைக்குள் விடாதீர்கள். 'முடியாது' என்று சொல்லப் பழகுங்கள். எல்லாமே நல்ல அறிவுரைதான், ஒன்றைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வயிற்றெரிச்சல் வேறு. அவர் அணைத்துவைத்த போன் என் கையில் அடித்தது.

ஒரு பார்சல் நிறுவனத்தின் கிடங்குகளில் எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை ஓடவைப்பது எங்கள் வேலை. அது நின்றால் பெட்டிகள் மலைபோல் குவியும், வண்டிகள் வரிசையில் நிற்கும். அதனால் கோளாறு என்றதும் முறையில் இருப்பவருக்குத் தானாகவே ஒரு அழைப்பு போகும். ஒரு வாரம் அவர் முறை, மறுவாரம் என் முறை. ஏற்பாடு என்னவோ அதுதான். அவரோ தம் வாரத்து அழைப்புகளையெல்லாம் என் எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தார். எடுப்பது நான், சரிசெய்வது நான். பதிவில் மட்டும் அவர் எடுத்ததாக விழும். "ஒரே ஒரு வாரம்மா, வீடு மாத்துறோம்" என்று கேட்டுத்தான் ஆரம்பித்தார். அந்த வாரம் முடியவே இல்லை.

இரண்டு முறை போய்க் கேட்டேன். முதல்முறை சிரித்தார். இரண்டாவது முறை, "உன் எல்லையை நீதாம்மா வகுத்துக்கணும். என் மூணாவது வீடியோவப் பாரு, அதுல சொல்லியிருக்கேன்" என்றார்.

பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அதை என் மாமியார் ஏற்கெனவே எனக்கு அனுப்பியிருந்தார். ஆறுமணியாரின் வீடியோ ஒன்றையும் விடாமல் பார்ப்பவர் அவர். பார்த்ததும் குடும்பக் குழுவில் போடுவார், போட்டுவிட்டு எனக்குத் தனியாகவும் அனுப்புவார். சாப்பாட்டுக்கு நடுவே என் போன் அடித்தால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இவரும் உன்ன மாதிரி கம்ப்யூட்டர் வேலைதான பாக்குறாரு? எவ்வளவு அழகா வீட்டயும் கவனிச்சுக்கறாரு. மனசு இருக்கணும்" என்பார். என் வீட்டுக்காரரோ, அம்மா சொல்வது சரி என்பதை இன்னும் இரண்டு கவளம் சாப்பிட்டுக் காட்டுவார். அந்த அழைப்பே என் மேலாளரான அவர் எடுக்க வேண்டியது என்று ஒருமுறை சொன்னேன். "அவரு பேர்ல பழி போடாத" என்றார் அத்தை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். இந்த வருடம் அணித்தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது. இயக்குநர் அம்மா என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, என்னைப் பற்றிய மதிப்பீட்டைப் படித்துக்காட்டினார். 'திறமையானவர். ஆனால் நேரத்தைத் திட்டமிடத் தெரியாதவர். அகால நேரத்திலும் வேலை செய்கிறார். தன்னையே நிர்வகிக்கத் தெரியாதவர் ஓர் அணியை நிர்வகிப்பது கடினம்.' எழுதியவர் ஆறுமணியார். "அடுத்த வாரம் முடிவு பண்ணணும். நீங்க கொஞ்சம் உங்கள மாத்திக்கப் பாருங்க" என்றார் இயக்குநர், நல்ல மனதோடுதான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பதிவெல்லாம் அவர் பெயரில், என்னிடம் இருந்தது வெறும் வாய்ப்பேச்சு. பதவி கிடைக்காத ஆத்திரத்தில் பேசுகிறாள் என்று போயிருக்கும். அதோடு, உண்மையைச் சொல்கிறேன், மூடிய கதவுக்குள் கிடைக்கிற நியாயம் எனக்குப் போதாது. நாலு பேர் பார்க்க அந்த ஆள் கூனிக்குறுக வேண்டும். அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

வாய்ப்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அலுவலக அரங்கில் எல்லாக் கிளைக்காரர்களுக்கும் ஒரு சொற்பொழிவு, ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முடிகிறபடி. அவருடைய வீடியோப் பக்கத்திலும் அது நேரலையாகப் போகும். அதுவும் மாதக் கடைசி நாளில், அவருடைய முறை வாரத்தில்.

மாதக் கடைசியில் கிடங்குகளில் வேலை இரட்டிப்பாகும். பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளின் பழைய கோப்புகள் சேர்ந்து, மாலையில் சேமிப்பிடம் நிரம்பிவிடும். நிரம்பினால் மென்பொருள் நின்றுவிடும். ஒவ்வொரு மாதமும் யார் முறை என்று பார்க்காமல் நானே முன்கூட்டிச் சுத்தம் செய்துவிடுவேன். இந்தமுறை செய்யவில்லை. காலையிலேயே அவருக்கு எழுதிவிட்டேன்: 'இன்று மாலை சேமிப்பிடம் நிரம்பும். பழைய கோப்புகளை நீக்க வேண்டும். இது உங்கள் வாரம்.' கட்டைவிரலைத் தூக்கிக்காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. படித்துப் பார்த்திருக்கவே மாட்டார், அந்த மனிதரை எனக்குத் தெரியாதா?

அரங்கில் இரண்டாவது வரிசையில், இயக்குநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். ஆறுமணியார் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில், காதோரம் மைக்கோடு, மேடையில் இங்கும் அங்கும் நடந்தார். நன்றாகத்தான் பேசினார். என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிக்கும்போது, "இப்ப மணி ஆறு. எல்லாரும் போனை எடுங்க. என்னோட சேர்ந்து அணைங்க" என்றார்.

அணைத்தேன். அவர் சொல்லி, அத்தனை பேர் சாட்சியாக, அவர் கண் முன்னால் அணைத்தேன்.

கைதட்டல் அடங்கி, கேள்வி கேட்கிறவர்களுக்கு மைக் போனது. மூன்றாவது கேள்வியின்போது முன்வரிசையில் ஒரு போன் அடித்தது. முறைக்காரர் எடுக்காவிட்டால் அழைப்பு இயக்குநருக்குப் போகும். அவர் மட்டும் போனை அணைக்கவில்லை. கேட்டுவிட்டு எழுந்தார்.

"கிடங்கு எல்லாம் நின்னுபோச்சு. யாரும் எடுக்கலையாம். இந்த வாரம் உங்க முறைதான?"

ஆறுமணியார் சிரித்தார். "ஆமா மேடம். இதோ, ரெண்டு நிமிஷம்."

படம் காட்டுவதற்காக அவருடைய மடிக்கணினி பெரிய திரையில் இணைக்கப்பட்டிருந்தது. அந்த இணைப்பைப் பிடுங்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கிடங்கு மென்பொருளுக்குள் நுழையக் கடவுச்சொல்லைத் தட்டினார். திரையில், சுவர் அகலத்துக்கு எழுத்து வந்தது: 'நெடுநாள் பயன்படுத்தாததால் இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.'

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே எழுத்து. நான் கண்கொட்டாமல் பார்த்தேன். அவ்வளவு இனித்தது.

"நெடுநாளா?" என்றார் இயக்குநர். "போன மாசம் உங்க முறையில வந்த அழைப்பு எல்லாத்தையும் நீங்கதான சரி பண்ணீங்க?"

ஆறுமணியார் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் முகத்தில் பழைய உரிமை வந்தது. "அவங்க பார்த்துடுவாங்க மேடம். ஏம்மா, கொஞ்சம் வாயேன்."

நான் எழுந்து நின்றேன், நகரவில்லை. "வர்றேன் சார். உங்க வாரத்துல எதுக்கு என்னைக் கூப்பிடுறீங்கன்னு மேடத்துக்கு சொல்லிடுங்க."

"இது அதுக்கு நேரமா? அங்க வேலை நின்னு கிடக்கு."

"ஒரு வரிதான் சார்."

கிடங்கில் ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மைக் காதோரம் இருப்பதை மறந்து அவர் முணுமுணுத்தது அரங்கம் முழுக்கக் கேட்டது. "என் வாரத்து அழைப்பெல்லாம் இவங்களுக்குத்தான் போகும். இவங்கதான் பார்ப்பாங்க."

"எப்பயிருந்து?" என்றார் இயக்குநர்.

"சார் முதல் வீடியோ போட்டதுலயிருந்து மேடம்" என்றேன் நான்.

இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவங்களுக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியலன்னு எழுதினது எதை வச்சு?"

மேடையேறி என் கணக்கில் நுழைந்து, பழைய கோப்புகளை நீக்கி, மென்பொருளை ஓடவிட்டேன். கொஞ்ச நேர வேலை. இறங்கும்போது இயக்குநர், "காலையில என் அறைக்கு வாங்க. அந்த மதிப்பீட்டை நானே திரும்ப எழுதப்போறேன்" என்றார்.

நடைவழியில் ஆறுமணியார் பின்னாலேயே ஓடிவந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேம்மா. இப்படியா பழி வாங்குவ?"

"ஆமா சார், பழிதான் வாங்கினேன்" என்றேன். சமாதானமாக ஒரு வார்த்தை வருமென்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அங்கேயே நின்றுவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது மேசையில் சாப்பாடு தயாராக இருந்தது. நேரலையை அத்தை ஒரு நிமிடம் விடாமல் பார்த்திருக்கிறார். வழக்கமாக நானே போட்டுச் சாப்பிடுவேன். அன்று அவரே என் தட்டில் பரிமாறினார். பரிமாறிக்கொண்டே பொருமினார்.

"எவ்வளவு பெரிய ஃபிராடு! அவன் பேச்சை நம்பி உன்ன என்னென்ன சொல்லிட்டேன். நீ ஏன் அதோட விட்ட? இன்னும் நல்லா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருக்கணும்."

"அவரைக் கேட்டாச்சு அத்தை. உங்களத்தான் இன்னும் கேக்கல."

கரண்டி பாதியில் நின்றது. என் வீட்டுக்காரர் ஒன்றும் காதில் விழாதவர் போல அடுத்த கவளத்தை உருட்டினார்.

"உங்களையும்தான்" என்றேன் அவரிடம்.