கொடிக்கயிற்றில் கட்டிய வீடு

வீடு இன்னும் ஓரடி மேலே போவதற்குள் ராமசுப்ரமணியன் கொடிக்கயிற்றைப் போர்ச் தூணில் சுற்றி மேப்பிள் மரத்தில் இறுக்கிக்கொண்டிருந்தார். 1985 அக்டோபர், நியூ ஜெர்சி, மாலை நான்கு மணி. கோர்ட்டுக்குப் போட்டுப்போன கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வீடு தரையை விட்டு ஒன்றரை அடி எழும்பியிருந்தது.

"ஏன்னா, காலம்பற பதினொண்ணு பத்துக்குக் கிளம்பித்து. குக்கர் மூணாவது விசில்," என்றாள் மனைவி அனந்தலக்ஷ்மி, சமையலறை ஜன்னலிலிருந்து. "வாசப்படி மட்டும் கீழேயே நின்னுடுத்து. ஸ்டூல் போட்டு ஏறுங்கோ. கோர்ட்டுல என்ன சொன்னா?"

"போச்சு."

போனது இப்படி. வீடு வாங்கியபோது பத்திரத்தில் பெயர் தலைகீழாகி, அப்பா சுவாமிநாதனின் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. நகராட்சியின் சொத்துவரிக் கடிதங்கள் எல்லாம் 'மிஸ்டர் சுவாமிநாதன்' என்றே வந்து, பிரிக்காமலே நகராட்சிக்குத் திரும்பிப் போயின. எல்லா வரியையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள் என்று நம்பிய ராமசுப்ரமணியன் அப்படியொரு கடிதத்தை எதிர்பார்க்கவேயில்லை. ஒரு கம்பெனி அந்த வரிப்பாக்கியை நகராட்சிக்குத் தான் கட்டி, அதற்கு ஈடாக வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டு, எதிராளி வராமலே இறுதித் தீர்ப்பும் வாங்கிவிட்டது. கதவில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

"அண்ணை, இறுதித் தீர்ப்பு வந்தாப் பிறகு அதே வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேக்கிறது லேசில்லை," என்றார் யாழ்ப்பாணத்து வக்கீல் நவரத்தினம். "கடிதங்கள் ஏன் திரும்பிப் போனதெண்டு காட்டினா, ஒருவேளை கதவு திறக்கும்."

கோர்ட்டில் பதினோரு கவர்களை மேஜையில் பரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் சுழித்துச் சுழித்து எழுதிய அதே வரி: 'எக்ஸ்பயர்ட். கைண்ட்லி ரிட்டர்ன்.' கெடு முடிந்ததைச் சொல்கிறார்கள் என்று நகராட்சி குமாஸ்தா எண்ணியிருந்தாராம். இது யார் கையெழுத்து என்று நீதிபதி கேட்டார். ராமசுப்ரமணியன் தெரியாது என்றார். காரணம் காட்ட முடியாததால் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் கம்பெனிக்காரர் ஷெரீஃபோடு வந்து, நிலமும் அதன்மேல் நிற்கும் கட்டிடமும் தங்களுக்கே என்று தீர்ப்பை வாசித்தார். நவரத்தினம் மண்டியிட்டு, வீட்டுக்கடியில் இந்தப் பக்கம் செருகிய துடைப்பத்தை அந்தப் பக்கமாக உருவிக் காட்டினார். "நிக்கிற கட்டிடம் எண்டெல்லோ எழுதியிருக்கு. இது நிக்கேல்லையே." ஒரே ஒரு வார்த்தையை மாற்றித்தரச் சொல்லி கம்பெனி அதே நீதிபதியிடம் போனது. இறுதித் தீர்ப்பை யாருக்காகவும் திறக்க முடியாது என்று அவர் அதே குரலில் சொல்லிவிட்டார். நிலத்தை எடுத்துக்கொண்ட கம்பெனி வீட்டுக்கடியில் பூசணி போட்டது. கொடிக்கயிறு மூன்று முறை மாறியது. நவராத்திரிக்கு வந்தவர்கள் பார்க்கிங் எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

1989-இல் பீரோவைக் காலிசெய்தபோது, வீடு கிளம்பிய அன்றைய கோர்ட் நடவடிக்கையின் நகல் அனந்தலக்ஷ்மி கையில் கிடைத்தது. ஓரத்தில் நேரம் போட்டிருந்தது. பதினொன்று பத்து: 'இது யார் கையெழுத்து?' 'தெரியாது.' பின்னால் ஒரு கவரின் நகல். கும்பகோணத்தில் எழுபத்தொன்பதிலேயே காலமான மாமனாருக்கு யாரோ இன்னும் கடிதம் போடுகிறார்களே என்று வருத்தப்பட்டு, பதினோரு தடவையும் 'காலமாகிவிட்டார்' என்னும் அர்த்தத்தில் பொறுப்பாக அவளே எழுதித் திருப்பியனுப்பிய வரி.

மளிகைச் சீட்டில் அவர் தினமும் பார்க்கிற அதே சுழி. அவள் காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏன்னா, கயிறு தொஞ்சிருக்கு பாருங்கோ. இழுத்துக் கட்டுங்கோ."